மாமா சிரிக்கும் படம்

என் அக்காவைக் கட்டிய மனிதரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கள் ஊர் பார்த்ததில்லை. சுவரில் பல்லி ஏறினால் இவர் நாற்காலியில் ஏறுவார். நர்ஸ் பஞ்சை நனைக்கும்போதே இவருக்குக் கண் சொருகிவிடும். வெளியூர் கிளம்பினால் கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவார். பார்த்துவிட்டுப் போய், கதவைப் பூட்டினோமா என்று பார்க்க மறுபடியும் வருவார். அக்கா பஸ் நிறுத்தத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு, "இவர் வர்றதுக்குள்ள நான் கெழவி ஆயிடுவேன்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் அவருக்கு மச்சினன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். மாமாவைக் கேலி செய்வது என் பிறப்புரிமை. அதில் நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

அவர் பயத்தில் ஒரு விசேஷம் உண்டு. நம்மைப் போன்றவர்களுக்குப் பயம் வந்தால் முகம் வெளுக்கும், நாக்கு உலரும். மாமாவுக்கு எல்லாப் பல்லும் வெளியே வந்துவிடும். கன்னம் இரண்டும் மேலே ஏறி, கண் சுருங்கி, லாட்டரி விழுந்தவர் மாதிரி இருப்பார். கல்யாணத்தன்று அப்படித்தான் நின்றார். "மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கலை பாரு" என்று எங்கள் அப்பா எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற அக்காவுக்குத்தான் தெரியும், அவர் கை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது என்று. இந்தச் சிரிப்பின் அர்த்தம் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர், அவளும் நானும். பெற்ற மகளுக்குக்கூடத் தெரியாது. அவளைத் தொட்டிலில் பார்த்த நாளிலிருந்து அவர் சிரித்தபடிதான் இருந்தார்.

ஊராட்சித் தலைவர் ஆவதற்கு முன் அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பார். எதிரே ஈ காக்கை இருக்காது, அப்போதும் அடிப்பார். ஊர் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர் வைத்தது. பழைய உப்புச் சுரங்கத்துக்குப் போகும் ரயில் பாதையை பஸ் கடக்க வேண்டும். அங்கே கேட் கிடையாது. மாமா வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கிப் போய்த் தண்டவாளத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பார். பிறகு திரும்பி வந்து ஏறி, ஹாரன் அடித்து, ஊர்ந்து கடப்பார். பிள்ளைகள் உள்ளே ஒரே கூச்சல் போடுவார்கள். சுரங்கத்தை மூடி ரயில் நின்றுபோன பிறகும் அவர் இதை விடவில்லை.

"இனிமே எந்த ரயிலும் வராது மாமா" என்றேன் ஒருமுறை.

"வராதுன்னு யாரு சொன்னா? தண்டவாளம் இருக்குல்ல?" என்றார்.

அவர் பஸ்ஸில் ஏறிய ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. அதனால்தான் ஊராட்சித் தேர்தலில் இரண்டு பெரிய வாய்க்காரர்கள் மோதிக்கொண்டபோது, ஊர் இரண்டு பேரையும் தள்ளிவிட்டு இவரை நிறுத்தி ஜெயிக்க வைத்தது. "பயந்தவன் திருட மாட்டான்" என்றார் டீக்கடைக்காரர். வாக்கு எண்ணி முடித்து அறிவித்தபோது மாமா அப்படிச் சிரித்தார். ஊரே கைதட்டியது. அக்கா மட்டும் அவருக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சுரங்கம் மூடியதிலிருந்து ஊர் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் பாதிக் கதவுகளில் துருப்பிடித்த பூட்டு. பள்ளிக்கூடத்தில் மாடி வகுப்புகளைப் பூட்டிவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் கீழே சேர்த்து உட்கார வைத்தார்கள். அடுத்த வருஷம் கீழேயும் பூட்டிவிடுவார்கள் என்று பேச்சு. அக்கா மகள் கல்யாணமாகி நகரத்துக்குப் போனவள், வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். அவள் திரும்பிப் போகிற அன்று மாமா பஸ்ஸின் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடப்பார்.

அப்போதுதான் அந்தக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர்களோடு கட்சிப் பெரியவரும் வந்தார். அணுமின் நிலையங்களில் எரிந்து முடிந்த கழிவை வைக்க இடம் வேண்டுமாம். எங்கள் சுரங்கம் ஆழமாக, காய்ந்து, ஆடாமல் அசையாமல் இருக்கிறதாம். ஊர் சம்மதித்தால் பள்ளிக்கூடம் மூடாது, ஆஸ்பத்திரி வரும், சாலை வரும், வீட்டுக்கு ஒருவருக்கு வேலை வரும். பெரியவர் மாமாவின் தோளில் கை போட்டு, "என்ன தலைவரே, உங்க ஊருக்கு நல்ல காலம் பொறந்துடுச்சு, சரிதானே?" என்றார். மாமா சிரித்தார். பெரியவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

எனக்கும் சபலம் இல்லாமல் இல்லை. லாரி வந்தால் டயர் வரும், டயர் வந்தால் பஞ்சர் வரும். அப்படித்தான் என் புத்தி முதலில் ஓடியது.

ஏற்கெனவே இந்த மாதிரிக் கழிவை வைத்திருக்கிற ஓர் இடத்தை நேரில் காட்டுகிறோம் என்று மாமாவை அழைத்தார்கள். தனியாகப் போக அவருக்குப் பயம். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

பெரிய கொட்டகை. எங்கள் சட்டைப் பையில் ஆளுக்கு ஓர் அட்டை குத்தினார்கள். ஏதாவது பட்டிருந்தால் அது காட்டிக்கொடுக்குமாம். தரையில் மஞ்சள் கோடு. உள்ளே கான்கிரீட் பீப்பாய்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் ஆளைப்போல் மூன்று மடங்கு உயரம். அந்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. இயந்திரம் ஓடினாலாவது மனசுக்கு ஒரு துணையாக இருந்திருக்கும். இத்தனை பெரிய சாமான்கள் சும்மா நின்றுகொண்டிருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எப்போது வெளியே போவோம் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு விளக்கம் சொன்னது ஓர் இன்ஜினியர் பெண். நல்ல பெண், பொறுமையாகப் பேசினாள். எத்தனை காலம் இதைக் காக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அவள் ஒரு காலக்கணக்குச் சொன்னாள். அது என் தலையில் ஏறவே இல்லை. நம் பேரன் பேத்தி, அவர்களுடைய பேரன் பேத்தி எல்லோரையும் தாண்டி எங்கேயோ போய்விட்டது.

மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மூடி கழண்டா யாருக்குப் போன் பண்ணணும்மா?"

"கழலாது சார்."

"சரிம்மா, கழலாது. கழண்டா?"

அவள் லேசாகச் சிரித்தாள். "அப்படி ஒரு நிலைமையே வராத மாதிரிதான் கட்டியிருக்கோம்."

பஸ் ஓட்டிய காலத்தில் மாமா, முன் கண்ணாடிக்கு மேலே ஆஸ்பத்திரி நம்பர், போலீஸ் நம்பர், தலைமையாசிரியர் வீட்டு நம்பர் எல்லாம் பெயின்டில் எழுதி வைத்திருந்தவர். அவருக்கு வேண்டியது ஒரு நம்பர். அது கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் பெரியவர் முன்னால் வந்தார். "தலைவரே, சும்மா தொட்டுப் பாருங்க. ஒண்ணும் பண்ணாது" என்று மாமாவின் வலது கையைப் பிடித்துப் பீப்பாயில் வைத்தார். முழு உள்ளங்கையும் பதிந்தது. மாமா திரும்பிப் பார்த்தார். எல்லாப் பல்லும் வெளியே வந்தது. கம்பெனி ஆள் கேமராவைத் தயாராக வைத்திருந்தான்.

வெளியே வரும் வழியில் ஓர் இயந்திரத்துக்குள் கையை விடச் சொன்னார்கள். பச்சை விளக்கு எரிந்தது. அட்டையும் சுத்தம் என்றார்கள். நான் அதை நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். மாமா திரும்பும் வழி முழுக்க ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். ஊருக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"வெதுவெதுன்னு இருந்துச்சு மாப்ளே."

"எது?"

"அதுதான். காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி. உள்ள உசுரோட இருக்கு."

அப்படித்தான் இருக்கும், சூடு கொஞ்சம் வெளியே வரும் என்று அந்தப் பெண் முன்னாலேயே சொல்லியிருந்தாள். அதை எடுத்துச் சொன்னேன். சொல்லிவிட்டு என் கையை நானே சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே படம் ஊருக்கு வந்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில், பள்ளிக்கூடச் சுவரில், பால் டிப்போவில், பூட்டிய கடைகளின் கதவுகளில் எல்லாம் மாமா. பீப்பாயில் கை வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக. என் கடைக்கு எதிரிலேயே ஒன்று. காலையில் ஷட்டரைத் தூக்கினால் அவர் முகத்தில்தான் விழிப்பேன்.

கம்பெனிக்காரர்கள் மாதக்கணக்கில் விளக்கியும் நம்பாத ஊர் அந்தப் படத்தை நம்பியது. "ஹாரனே தொட்டுட்டார்ப்பா!" என்றார்கள். "பல்லிக்குப் பயப்படறவரு அதுல கை வெச்சுச் சிரிக்கறாருன்னா, அதுல என்னதான் இருக்கும்?" டீக்கடைக்காரர் ஒரு படி மேலே போனார். "தைரியசாலி சொன்னா நம்பக்கூடாது. அவன் எதுல வேணா குதிப்பான். பயந்தவன் சரின்னு சொன்னாத்தான் சரி." யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் என்னை டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழ வைத்தது.

மாமாவின் மருமகனுக்கு வேலை உறுதி என்று கம்பெனி சொல்லிவிட்டது. மகள் நகரத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, கட்டிலும் பீரோவுமாக வந்து இறங்கினாள். கூடவே அவள் குழந்தை. அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள், யாரைக் கண்டாலும் இரண்டு கையையும் மேலே நீட்டித் தூக்கச் சொல்லும் வயது. அவளைத் தோளில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்ற வேண்டும் என்று மாமா எத்தனையோ நாள் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் அக்கா கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"உங்க மாமா புள்ளையத் தூக்க மாட்டேங்கறாருடா."

"ஏனாம்?"

"அந்தக் கை. வீட்டுல சோப்பே நிக்கல. கழுவிக் கழுவித் தோலு உரிஞ்சு கெடக்கு. சாப்பாட்டை இடது கையில ஸ்பூன் வெச்சுச் சாப்பிடறாரு. குழந்தை கையை நீட்டிக்கிட்டு அவர் பின்னாடியே போகுது, அவர் கையைப் பைக்குள்ள விட்டுக்கிட்டு ரூம் ரூமா ஓடறாரு. நம்ம பொண்ணு என்னடான்னா, அப்பாவுக்குக் குழந்தையப் புடிக்கலைன்னு அழுவுறா."

அக்கா எதற்கும் அழுகிறவள் இல்லை. அன்று என் கடையில், டியூபை முக்கிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டே அழுதாள். கடையை அப்படியே விட்டுவிட்டு மாமாவைத் தேடிப் போனேன்.

அவர் ஊராட்சி அலுவலகத்துக்குப் பின்னால், பழைய பள்ளிக்கூட பஸ் நிற்கிற கொட்டகையில் இருந்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, வலது கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டிருந்தார். கை வெள்ளரிப்பழம் மாதிரி வெடித்துப் போயிருந்தது.

"பச்சை விளக்கு எரிஞ்சதை நானும்தானே பார்த்தேன் மாமா. உங்க கையில ஒண்ணும் இல்ல."

"தெரியும் மாப்ளே. புத்திக்குத் தெரியுது. கைக்குத் தெரியல."

"அப்போ வேணாம்னு சொல்லிடுங்க. நாளைக்கழிச்சு ஊர்க்கூட்டம். மைக்குல சொல்லிடுங்க."

அவர் இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். "சொன்னா ஸ்கூலை மூடிடுவாங்க. மருமகன் வேலை போயிடும், கட்டிலைத் தூக்கிக்கிட்டு மறுபடி கெளம்பிடுவாங்க. பெரியவர் என்ன பண்ணுவாரோ தெரியாது. ஊர்ல ஒருத்தன் என் மூஞ்சில முழிக்க மாட்டான். சரின்னு சொல்ல ஒரு பயம்னா, வேணாம்னு சொல்ல ஒன்பது பயம் இருக்குடா."

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். நான் கேலியாக ஏதாவது சொல்லி அவரைச் சிரிக்க வைத்திருக்கலாம். ஆனால் அவர் ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்திருந்தார். அந்த இருட்டுக் கொட்டகையில், என்னைத் தவிர யாரும் இல்லாத இடத்தில், அந்தப் பற்களைப் பார்க்க என்னால் முடியவில்லை. உலகத்தில் உள்ளதற்கெல்லாம் சத்தம் போட்டுப் பயந்த மனிதர், இதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு பயந்தார். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தவர், இந்த வளைவில் அடிக்காமல் போகப் பார்க்கிறாரே என்று நினைத்தேன்.

"அந்தப் புள்ளைங்களை ரயில் பாதையில எறங்கிப் பார்க்காம ஒரு நாளாவது கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

நான் கொட்டகையைத் தாண்டும்போது பின்னாலிருந்து, "சொல்றேன் மாப்ளே" என்று குரல் கேட்டது.

ஊர்க்கூட்டம் பள்ளிக்கூடக் கூடத்தில், காலையில். மின்விசிறி தலைக்கு மேல் கடகடவென்று சுற்றியது. மேடையில் பெரியவர், கம்பெனி ஆட்கள், நடுவில் மாமா. அவருக்குப் பின்னால் அவருடைய படமே ஆள் உயரத்துக்குப் பெரிதாகி நின்றது. முன் வரிசையில் மகள், மருமகன், மடியில் குழந்தை. அக்கா ஜன்னல் ஓரம் நின்றாள், உட்காரவில்லை. பெரியவர் பேசினார், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாலை என்று ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் வாங்கினார். பிறகு மைக்கை மாமாவிடம் கொடுத்தார்.

மாமா மைக்கை இடது கையில் வாங்கினார். கூடம் அடங்கியது. நான் கடைசி வரிசையில் இருந்தேன். சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் மாமா.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஊர் அதைக் கேட்டது. அவர் பஸ்ஸில் போய்ப் படித்து இன்று மீசை வைத்துக்கொண்டிருக்கும் ஒருவன் நடுவிலிருந்து கத்தினான். "ஹாரன் அடிங்கண்ணே!"

கூடமே வெடித்துச் சிரித்தது.

"விளையாட்டு இல்லப்பா. நெஜமாவே பயமா இருக்கு. அது வெதுவெதுன்னு இருந்துச்சு. மூடி கழண்டா யாரைக் கூப்பிடணும்னு கேட்டேன், ஒரு நம்பர் சொல்லலை."

"பல்லி உள்ள போயிட்டா கூப்பிட நம்பர் இருக்கான்னு கேளுங்க தலைவரே!" இது டீக்கடைக்காரர். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். மகளும் சிரித்தாள்.

மாமா பின்னால் இருந்த படத்தைக் காட்டினார். "அது சிரிப்பு இல்ல. சத்தியமா சிரிப்பு இல்ல. பயம் வந்தா என் மூஞ்சி அப்படித்தான் போகும்." அதைச் சொல்லும்போது அவர் முகம் அப்படித்தான் போயிருந்தது. பெரிய படத்தில் ஒரு சிரிப்பு, அதன் முன்னால் அச்சு அசலாக இன்னொரு சிரிப்பு. ஊர் எழுந்து நின்று கைதட்டியது. இத்தனை நன்றாக வேடிக்கை காட்டுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

நான் நாற்காலி மேல் ஏறினேன். "அவர் சிரிக்கலைடா! மடையனுங்களா, அவர் சிரிக்கலை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"மாமனும் மச்சினனும் சேர்ந்து கலக்கறாங்கப்பா" என்றான் பக்கத்தில் இருந்தவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. இத்தனை வருஷம் நான் மாமாவைக் கேலி செய்ததைத் தவிர வேறு எதையும் இந்த ஊர் கேட்டதில்லை. என்னுடைய கத்தலும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. ஜன்னல் ஓரம் அக்கா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் மைக்கை வாங்கினார். "பார்த்தீங்களா? பயம் இருந்தும் கை வெச்சாரு பாருங்க, அதுதான்யா தலைவன்!" என்றார். "சம்மதம்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க!" சொல்லிக்கொண்டே மாமாவின் வலது மணிக்கட்டைப் பிடித்து உயரத் தூக்கினார். வெடித்துத் தோலுரிந்த அந்தக் கை எல்லோர் தலைக்கும் மேலே நின்றது. கேமராக்காரன் ஓடி வந்தான்.

கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன. டீக்கடைக்காரர், பால் டிப்போக்காரர், பள்ளிக்கூட வாத்தியார்கள், மருமகன், மகள். மகள் கையைத் தூக்கியதில் குழந்தை மடியிலிருந்து நழுவி இறங்கியது. தத்தித் தத்தி மேடைப் படியைப் பிடித்து ஏறி, நேராக மாமாவின் காலடியில் போய் நின்று, இரண்டு கையையும் மேலே நீட்டியது.

"தாத்தா, தூக்கு."

"அட, பாப்பாவும் சம்மதம்னு சொல்லுதுப்பா!" என்றார் பெரியவர் மைக்கில். கூடம் அதிர்ந்தது.

பெரியவர் பிடியை விட்டதும் மாமா அந்தக் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். குழந்தை கையை இறக்காமல் அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார், பிறகு இன்னொரு அடி. முதுகு அந்தப் பெரிய படத்தில் முட்டியது. அதற்கு மேல் போக இடமில்லாமல், எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.